இரண்டு முறை காய்ச்சிய எண்ணெய்

ஆனி மாதத்து வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். குற்றால மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. தென்காசித் தெருக்களில் சாரல், ஆளை நனைக்காமல் குளிர மட்டும் செய்துகொண்டிருந்தது.

உலகம்மையின் வீட்டுப் பின்கட்டில் விறகடுப்பு எரிந்தது. இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெயும் கரிசலாங்கண்ணிச் சாறும் சேர்ந்து கொதித்தன. ஆவுடையம்மாள் அகப்பையால் கிளறிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அவள் மகள் பாகீரதிக்கு நலங்கு. மணப்பெண்ணின் தலையில் வைக்கப்போவது இந்த எண்ணெய்தான்.

உலகம்மை சற்றுத் தள்ளி அமர்ந்து நலங்கு மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். பச்சைப்பயறும் பூலாங்கிழங்கும் ஆவாரம்பூவும் கலந்த வாசம் புகையை மீறி வந்தது.

உலகம்மை குரு, ஆவுடையம்மாள் சீடர். வயதில் சீடர்தான் மூத்தவள்.

உலகம்மை கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவள். முப்பது வயதில், ஒரே கோடையில், அவள் தலைமுடி முழுவதும் உதிர்ந்தது. புருவமும் போயிற்று. மருத்துவர்கள் நோய்க்குப் பெயர் சொன்னார்கள். முடியைத் திருப்பித் தரவில்லை. அவள் முக்காடு இடவில்லை. அதே தலையோடு வகுப்புக்குப் போனாள். மாலை வேளைகளில், வீட்டிலேயே எண்ணெய் காய்ச்சவும் குளியல் பொடி அரைக்கவும் கேட்டு வருபவர்களுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

வருபவர்களிடம் முதல் நாள் ஒன்றைச் சொல்லிவிடுவாள்.

"என் தலையை நல்லாப் பாத்துக்கிடுங்க. இங்க காய்ச்சுற எண்ணெய் முடியை முளைக்க வைக்காது."

"பிறகு எண்ணெய் எதுக்கு டீச்சர்?" என்று எவரேனும் கேட்பார்கள்.

"தலைக்கு."

"முடிக்கு இல்லையா?"

"இருந்தா, அதுக்கும்."

பலர் அன்றோடு நின்றுவிடுவார்கள். ஆவுடையம்மாள் நிற்கவில்லை. பாகீரதியின் தலைத்தோல் செதில் செதிலாக உரிந்து, சொறிந்த இடமெல்லாம் புண்ணாகிக் கிடந்த காலம் அது. அந்தப் பெண்ணின் தலையை உலகம்மை தன் மடியில் வைத்துப் பார்த்தாள். தோல் மருத்துவர் தந்த களிம்பை விடாமல் போடச் சொன்னாள். கொதிக்கும் வெந்நீரை நிறுத்தச் சொன்னாள். நகத்தை வெட்டிவிட்டாள். புண் ஆறிய பிறகுதான் எண்ணெயைத் தொடவிட்டாள். ஆகவே நலங்குப் பேச்சு வந்தபோது பாகீரதி, "முதல் எண்ணெய் டீச்சர் கையாலதான்" என்று சொல்லிவிட்டாள். அதை யாரும் மறுக்கவில்லை.

ஆவுடையம்மாள் சட்டியை இறக்கி வைத்தாள்.

"பதம் வந்துட்டு டீச்சர். நுரை அடங்கிட்டு. நிறமும் ஏறிட்டு."

உலகம்மை எட்டிப் பார்த்தாள்.

ஆவுடையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்காமல் சிறிது நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு பிரித்தாள். உள்ளே கறுத்த, நீண்ட, நடுவகிடு எடுத்த டோப்பா.

"ஒரு அரை மணி நேரம் டீச்சர். நாளைக்கு எண்ணெய் வைக்கிற நேரத்துக்கு மட்டும். பிறகு எடுத்துப்போடலாம்."

உலகம்மை அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஓர் இழையை விரல்களுக்கிடையே உருட்டினாள்.

"அசல் முடி."

"ஆமா டீச்சர். நல்லதாத்தான் பாத்து எடுத்தேன்."

"கோயில்ல வேண்டிக்கிட்டு இறக்கினதா இருக்கும். இதைக் கொடுத்தவ இப்ப மொட்டைத் தலையோட ஊருக்குத் திரும்பியிருப்பா. அவளை நலங்குக்குக் கூப்பிடுவாங்களா?"

"அதெப்படிக் கூப்பிடாம இருப்பாங்க? அது சாமிக்குக் கொடுத்தது."

"என்னோடதை யாருக்குக் கொடுத்தேன்னு வச்சுக்கிடுவோம்?"

ஆவுடையம்மாள் அடுப்பைப் பார்த்தாள்.

"உங்க கழுத்துல தாலி இருக்கு டீச்சர். அதுல யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. தலைதான்..."

"தாலி இல்லேன்னா?"

ஆவுடையம்மாள் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

உலகம்மை எழுந்தாள். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த மண்பானையின்மேல் டோப்பாவைப் பொருத்தினாள். வகிடு நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துச் சரிசெய்தாள்.

"இதுக்கு நல்லா இருக்கு" என்றாள்.

ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"விளையாடாதீங்க டீச்சர். எனக்கு நேத்திலேயிருந்து தூக்கம் இல்லை. பிள்ளை வாழப்போற வீடு அது. முதல் நாளே அவங்க முகம் சுளிச்சுட்டா?"

"சம்பந்தியம்மா ஏதும் சொன்னாங்களா?"

"இன்னும் சொல்லலை."

"மாப்பிள்ளை?"

"அந்தப் பையன் சொல்லமாட்டான்."

"பாகீரதி?"

"அவகிட்ட இதைச் சொன்னா என்னைத் தின்னுபோடுவா."

"அப்ப இது யாரு கேட்டது அக்கா?"

ஆவுடையம்மாள் முந்தானை நுனியைச் சுருட்டினாள், விரித்தாள்.

"சொல்லுவாங்கள்லா" என்றாள்.

உலகம்மை மேற்கொண்டு கேட்கவில்லை. மாடத்திலிருந்து பஞ்சுத்திரி ஒன்றை எடுத்தாள். இறக்கி வைத்த எண்ணெயில் அதை நனைத்தாள். அடுப்புத் தணலில் பற்றவைத்து, ஆவுடையம்மாளின் முகத்துக்கு அருகே பிடித்தாள்.

திரி எரியவில்லை, வெடித்தது. படபடவென்று பொறி தெறித்து, சீறி, அணைந்தது.

இருவரும் அந்தத் திரியைப் பார்த்தார்கள். எண்ணெய் காய்ச்சக் கற்கும் எவருக்கும் உலகம்மை முதலில் காட்டும் சோதனை அது. சாற்றின் நீர் முழுவதும் வற்றிய எண்ணெயில் திரி சத்தமில்லாமல் எரியும். ஈரம் மிஞ்சியிருந்தால் பொரியும். அந்த எண்ணெய் பார்வைக்கு எவ்வளவு தெளிந்திருந்தாலும் சில நாளில் சிக்கு வாடை அடித்துவிடும்.

"நிறம் ஏறியிருந்துச்சே" என்றாள் ஆவுடையம்மாள்.

"ஏறித்தான் இருக்கு."

"நுரையும் அடங்கியிருந்துச்சு."

"அதுவும் சரி. திரியைப் போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லை."

"ரெண்டு வருசமா ஒரு தரம்கூடத் திரி போடாம சட்டியை இறக்கினதில்லை நீங்க. இன்னைக்கு என்ன?"

ஓட்டிலிருந்து சாரல் சொட்டியது.

"கருகிப்போயிடுமோன்னு பயந்துட்டேன் டீச்சர்."

"கருகுற வாடை வந்துச்சா?"

"வரலை."

உலகம்மை சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி மீண்டும் அடுப்பில் வைத்தாள். அகப்பையை ஆவுடையம்மாளிடம் நீட்டினாள்.

"கோபமா டீச்சர்?"

"கிளறுங்க. அடி பிடிக்கும்."

தீயைக் குறைத்து எரித்தார்கள். அடியில் தங்கிய கசடை ஆவுடையம்மாள் அவ்வப்போது எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாள். முதலில் அது சேறுபோல ஒட்டியது. பிறகு மெழுகுபோல உருண்டது. அப்போதும் அவள் இறக்கவில்லை. திரியை நனைத்துப் பற்றவைத்தாள். ஒரு சத்தமும் இல்லாமல், நிமிர்ந்த சுடராக அது எரிந்தது. எரிந்து முடியும்வரை கையில் பிடித்திருந்தாள்.

வடிகட்டிய எண்ணெயைப் பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு புறப்பட்டபோது, வாசற்படியில் தயங்கி நின்றாள். பொட்டலம் சுற்றிவந்த தாள் மட்டும் அவள் பைக்குள் இருந்தது. டோப்பா பானையின்மேலேயே இருந்தது.

"டீச்சர், நாளைக்கு வருவீங்களா?"

"நீங்க கூப்பிட்டா வருவேன்."

"கூப்பிடத்தானே செய்யுதேன்."

"வந்தா, இந்தத் தலையோடதான் வருவேன் அக்கா. வேற தலை என்கிட்ட இல்லை."

ஆவுடையம்மாள் கிண்ணத்தின் மூடியை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். சாரலில் இறங்கி நடந்தாள்.

மறுநாள் காலை சாரல் விட்டிருக்கவில்லை.

உலகம்மை விடியலில் குளித்தாள். சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த எண்ணெயை வழித்துத் தன் தலையில் தேய்த்துக்கொண்டாள். அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டி, நலங்கு மாவுச் சம்புடத்தை எடுத்துக்கொண்டு, குடை விரிக்காமல் தெருவின் நடுவே நடந்துபோனாள். மழைத்துளிகள் அவள் தலையில் விழுந்து, நிற்காமல் உருண்டு ஓடின.

பாகீரதி கூடத்தில் மணையில் அமர்ந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழப்போனாள். அத்தை ஒருத்தி தோளை அழுத்தி, தலை குனிய உட்காரவைத்தாள்.

சம்பந்தியம்மாள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். வந்தவளின் தலையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். மறுபடி தலையைப் பார்த்தாள். பிறகு ஆவுடையம்மாளின் காதருகே குனிந்தாள். கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் பேசினாள்.

"என்ன மதினி, நல்ல காரியத்துக்கு மொட்டைத் தலையா முன்னால நிக்கது?"

எண்ணெய்க் கிண்ணமும் அறுகம்புல்லும் ஆவுடையம்மாளின் கையில் இருந்தன. உலகம்மை வாசல் நிலையருகே நின்றாள். உள்ளே வரவுமில்லை, திரும்பவுமில்லை. இரவெல்லாம் ஆவுடையம்மாள் பயந்துகொண்டிருந்த சொல் சொல்லப்பட்டுவிட்டது. சொன்ன பிறகும் கூடம் அப்படியே இருந்தது. மணையும், மணையில் மகளும், கையில் கிண்ணமும் இருந்த இடத்தில் இருந்தன.

"அவங்க என் டீச்சர் மதினி" என்றாள். "உங்க மருமக தலையில இன்னைக்குப் புண் இல்லாம இருக்குன்னா, அது இவங்க மடியில ஆறினது."

"அது சரி. ஊருக்கெல்லாம் எண்ணெய் காய்ச்சச் சொல்லிக் குடுக்காகளாம். தன் தலைக்கு ஒண்ணும் ஆகலையாக்கும்?"

ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் பக்கம் ஆவுடையம்மாள் திரும்பவில்லை. கூடத்தைக் குறுக்காகக் கடந்து நிலையருகே போனாள். அறுகம்புல்லைக் கிண்ணத்தில் தோய்த்தாள். இரண்டு வருடங்களில் ஒருமுறைகூட அவள் தொட்டறியாத தலை அது. அதன் உச்சியில் முதல் எண்ணெயை வைத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"ஆச்சு" என்றாள் ஆவுடையம்மாள், சம்பந்தியம்மாளை நேராகப் பார்த்து. "அடுத்து எம்பிள்ளைக்கு. அதுக்கு அடுத்து நீங்க வைக்கணும் மதினி. வாங்க."

சம்பந்தியம்மாள் எழவில்லை. எழுந்து வெளியே போகவுமில்லை. தம்ளரைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற மாப்பிள்ளையின் அக்கா மட்டும் முன்னால் வந்து, உலகம்மையின் கையிலிருந்த மாவுச் சம்புடத்தை வாங்கிக்கொண்டாள்.

மணையிலிருந்து பாகீரதி, "எவ்வளவு நேரம்தான் குனிஞ்சே இருக்கது? கழுத்து வலிக்கு" என்றாள்.

உலகம்மை உள்ளே வந்தாள். உச்சியிலிருந்து ஒரு துளி நெற்றியில் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை. ஆவுடையம்மாள் கிண்ணத்தை நீட்டினாள்.

"இன்னும் பயமாத்தான் இருக்கு டீச்சர்" என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

உலகம்மை தன் உள்ளங்கையைக் கிண்ணத்துக்கு அடியில் கொடுத்தாள்.

"இருக்கட்டும் அக்கா. சிந்தாமப் பிடிங்க. ரெண்டு தரம் காய்ச்சினது."