பறக்கிறவளின் எடை

“பறக்கிறவளுக்கு எடை ஏதடி? இறகு மாதிரிதானே இருப்பாள்!”

சந்தையில் மீன் செதில் சீவிக்கொண்டே ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது, பின்னால் நின்ற அன்னெகாவின் காதில் விழுந்தது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

கேளுங்கள், இது கடலுக்கு அணை கட்டி வாழ்ந்த ஒரு வடதேசத்து ஊரில், ராஜாக்கள் காலத்தில் நடந்தது. சூனியக்காரிகள் துடைப்பத்தில் ஏறிப் பறப்பவர்கள், அதனால் அவர்கள் உடம்பில் எடையே இராது என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். யார்மேலாவது சந்தேகம் வந்தால், பாலாடைக்கட்டி நிறுக்கும் பெரிய தராசில் ஏற்றுவார்கள். எதிர்த்தட்டில் ஒரு மாவு மூட்டை. ஆள் இருக்கும் தட்டு தாழ்ந்தால் அவள் மனுஷி. மூட்டை தாழ்ந்தால் சூனியக்காரி. பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டே போய்விட வேண்டும்.

அன்னெகா பச்சிலை வைத்தியம் பார்ப்பவள். கொக்குக் கால் போல ஒல்லி. அந்த ஊரை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

புகார் சொன்னவர் பாலாடைக்கட்டி வியாபாரி ஹெண்ட்ரிக். மூன்று வாரமாக அவர் வீட்டுப் பால் திரிந்துகொண்டே இருந்தது. “பால் பானையைச் சுடுதண்ணீர் விட்டுத் தேயுங்கள் ஐயா, நாற்றம் தெருவரை வருகிறது” என்று அன்னெகா ஒருநாள் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். “என் பானைக்குள் இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் இவள் வைத்த சூனியம்!” என்று குதித்தார்.

நிறுப்பதற்கு மூன்று நாள் இருந்தது. முதல் நாள் மூன்று சட்டி கஞ்சி குடித்தாள், விக்கல்தான் வந்தது. இரண்டாம் நாள் மூன்று பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திப் பார்த்தாள். வேர்த்து ஊற்றி இன்னும் இளைத்தாள். மூன்றாம் நாள், “ஆவது ஆகட்டும்” என்று தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள்.

வழியில் கொல்லன் பார்ட் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். இரட்டைக் குழந்தைக்காரி மார்யா கட்டிக்கொண்டு அழுதாள். படகுக்காரன் யாப் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஒவ்வொரு முறையும் அவள் பாவாடைப் பை கொஞ்சம் கனத்தது.

தராசடியில் பைக்குள் கைவிட்டாள். ஒரு குதிரை லாடம். ஓர் அம்மிக்குழவி. ஒரு நங்கூரத் துண்டு.

அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். “இது என் எடை இல்லை, யோரிஸ் ஐயா” என்று நிறுப்பவரிடம் சொன்னாள்.

“பிழைக்கத் தெரியாத பெண்!” என்று பார்ட் தலையில் அடித்துக்கொண்டான்.

அன்னெகா ஏறினாள். மூட்டை அசையவில்லை. அவள் தட்டு அந்தரத்திலேயே நின்றது.

“பார்த்தீர்களா! பறக்கிறாள், பறக்கிறாள்!” என்று ஹெண்ட்ரிக் துள்ளினார்.

யோரிஸ் வாய் திறப்பதற்குள் பார்ட் முன்னால் வந்தான். “அந்த லாடம் என்னுடையது. என் வெந்த கையை ஆற்றியவள் இவள். அது சூனியம் என்றால் என்னையும் நிறுங்கள்” என்று தட்டில் தாவி ஏறிக்கொண்டான். யோரிஸ் பதறிப்போய்த் தராசுக் கோலை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“என் குழந்தைகள் இவள் கையில்தான் பிறந்தன. எங்கள் மூன்று பேரையும் சேர்த்து நிறுங்கள்” என்று மார்யா இரண்டு குழந்தைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

யாப்பும் வந்தான். ஏறிக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

டொம்! யோரிஸின் பிடி நழுவி, தட்டு தரையில் மோதியது. எதிர்த்தட்டு துள்ளி, மூட்டை எகிறி, வெடித்து, அத்தனை மாவும் ஹெண்ட்ரிக்கின் தலையில் கொட்டியது. இரண்டு கண் மட்டும் தெரிந்தது. முதலில் சிரித்தவை குழந்தைகள். பிறகு ஊரே சிரித்தது.

“மோசடி! தட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள்!” என்று ஹெண்ட்ரிக் கத்தினார்.

யோரிஸ் தாடியைச் சொறிந்தார். “ஆள் இருக்கும் தட்டு தாழ வேண்டும், அதுதான் முறை. எத்தனை ஆள் என்று முன்னோர்கள் சொல்லவில்லையே! வேண்டுமானால் அடுத்து நீங்கள் ஏறுங்கள் ஹெண்ட்ரிக். கூட யார் ஏறுகிறார்கள், பார்ப்போம்.”

ஹெண்ட்ரிக் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை.

பிறருக்குச் செய்த உதவிதான் ஒருவருக்கு உண்மையான எடை என்று அன்றுமுதல் அந்த ஊரில் சொல்லத் தொடங்கினார்கள்.

ஹெண்ட்ரிக் மாவைக்கூடத் தட்டாமல் வீட்டுக்குப் போனார். அடுப்பை மூட்டினார், தண்ணீரைக் கொதிக்கவைத்தார், பால் பானையை மூன்று முறை தேய்த்துக் கழுவினார்.