நாரையின் தொண்டையில் சிக்கிய ஊர்

பறவைக்கும் காற்றுக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், நாரைகளுக்குக் கணீரென்று குரல் இருந்தது. ஹெல்கா என்ற நாரைக்கு ஜெர்மனியில் வீடு. ஆற்றங்கரையில் இரட்டைக் கோபுரம் வைத்த பெரிய கோயில், கோபுரத்து உச்சியில் கூடு, கூட்டில் ஓட்டோ என்ற புருஷன். ஹெல்காவுக்குக் குளிர் ஆகாது. அந்த வருஷம் அவள் மட்டும் முதல் தடவையாகப் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்கு வந்தாள்.

கிளம்பும்போது ஓட்டோ ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். சித்திரைப் பௌர்ணமிக்குள் ஜோடியாக உட்காராத கூட்டை வேறு ஜோடிக்குக் கொடுத்துவிடுவது அந்தக் கோபுரத்துச் சட்டம். "வந்துருவேல்ல?" என்றான். "வந்துருவேன்" என்றாள்.

அவளுடைய ஊர்ப்பெயர் ஒரு வில்லங்கமான பெயர். கோல்ன் என்று எழுதினால் பாதிதான் சரி. உதட்டை 'ஓ' என்று குவித்துக்கொண்டு, உள்ளே நாக்கை 'ஏ' சொல்ல விட வேண்டும். சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

குளத்தில் பேச்சியம்மை என்ற கொக்கு முதல் நாளே கேட்டுவிட்டாள். "எந்த ஊரு தாயி?"

ஹெல்கா சொன்னாள்.

"கொள்ளா? குதிரை திங்குமே, அந்தக் கொள்ளா?"

"கொள் இல்லை மதினி."

"அப்படித்தான சொன்ன?"

குளம் முழுக்க அவளுக்குக் 'கொள்ளுக்காரி' என்று பெயர் விழுந்துவிட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் துரை பங்களாவில் வளர்ந்த கிளி ஒன்று வந்து யோசனை சொன்னது. "பட்டிக்காட்டுல போய் அந்தப் பேரைச் சொல்லுவாங்களா? இங்கிலீஷ்ல அதுக்குக் கொலோன்னு பேரு. சொல்லிப் பாரு, எவ்வளவு ஜோரா இருக்கு."

ஜோராகத்தான் இருந்தது. ஹெல்கா ஒரே வாரத்தில் கொலோன்காரி ஆகிவிட்டாள். மீன் பிடிக்கும்போதுகூட "எங்க கொலோன்ல..." என்றுதான் பேச்சே தொடங்கும். பழைய பெயரை அவள் ஐந்து மாதம் வாயில் எடுக்கவில்லை.

சித்திரை பிறந்தது. வடக்கே போகிறவர்களை ஏற்றிப்போகத் தென்றல் வந்து நின்றார். ரொம்பக் கறாரான ஆள். "ஊர்ப் பேரைச் சொல்லு. அடையாளம் கிடையாளம் சொல்லாத. சொன்ன இடத்துல இறக்குவேன், அவ்வளவுதான்" என்றார்.

"கொலோன், அண்ணாச்சி" என்றாள் ஹெல்கா மிடுக்காக.

கண்ணை மூடித் திறப்பதற்குள் இறக்கிவிட்டார். பாளையங்கோட்டையில் ஓர் இங்கிலீஷ் மருந்துக் கடை. எதிரே அலமாரி நிறைய, தலைவலிக்கு நெற்றியில் தடவுகிற ஓடிக்கொலோன் என்ற வாசனைத் தண்ணீர் பாட்டில். அவள் சிறகை விரித்த வேகத்தில் நாலு பாட்டில் உடைந்து உடம்பெல்லாம் வழிந்தது. குளத்துக்குத் திரும்பியபின் மூன்று நாள் ஒரு தவளைகூடக் கிட்டே வரவில்லை. தலைவலிக்காரர்கள்தான் கரையில் வந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த முறை பழைய பெயரையே சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள். நாக்கு மறந்துபோயிருந்தது. "கொள்" என்று வந்தது. தென்றல் அவளைக் குதிரை லாயத்தில் கொள்ளு மூட்டைமேல் இறக்கினார். குதிரை விட்ட உதையில் பாதி தூரம் அதுவே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டது.

பௌர்ணமிக்கு ஐந்து நாள் இருந்தது. கூடு போய்விடுமே, அந்த மனுஷன் தனியாக எங்கே போய் நிற்பான் என்று நினைத்தால் ஹெல்காவுக்கு இரை இறங்கவில்லை. குளத்து நடுவே ஒற்றைக்காலில் நின்றுகொண்டு விடாமல் சொல்லிப் பார்த்தாள். உதட்டைக் குவித்தால் ஓ வந்தது, நாக்கை நீட்டினால் ஏ வந்தது, இரண்டும் சேர்ந்து வரவில்லை. பேச்சியம்மையே வந்து, "போதும் தாயி, கொள்ளுன்னு நான் சொன்னது தப்புதான்" என்று கெஞ்சினாள். ஹெல்கா கேட்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ஒரே முக்காக முக்கினாள். தொண்டைக்குள் என்னவோ அறுந்தது. அதோடு குரல் போயிற்று.

அன்றைக்குத்தான் பௌர்ணமி. தென்றல் வந்து, "கடைசி நடை. எந்த ஊரு?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. துக்கம் தாங்காமல் கழுத்தைப் பின்னால் சாய்த்து அலகை அடித்துக்கொண்டாள். கடகடகடவென்று குளமெல்லாம் கேட்டது.

தென்றல் திடுக்கிட்டுப் பார்த்தார். "அட, அந்த ஊரா? இரட்டைக் கோபுரத்து உச்சியில ஒருத்தன் நான் போகும்போதெல்லாம் இதையேதான சொல்லுதான். இதை முதல்லயே சொல்லியிருந்தா உன்னை எப்பவோ கொண்டுபோய் விட்டிருப்பேனே. ஏறு, ஏறு."

நிலா எழும்பும் நேரத்துக்கு இறக்கிவிட்டார். ஓட்டோ கூட்டு விளிம்பில் நின்றிருந்தான். ஒரு மாதமாகத் தெற்கே பார்த்து 'ஹெல்கா, ஹெல்கா' என்று கத்திக் கத்தி, பத்து நாள் முன்பே அவனுக்கும் குரல் போயிருந்தது; அதன்பிறகு அலகைத் தட்டித்தான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கழுத்தைச் சாய்த்து அலகைத் தட்டினான். அவளும் தட்டினாள். கூட்டைக் கேட்டு வந்த புது ஜோடி அதைப் பார்த்துவிட்டு வேறு கூடு தேடிப் பறந்துவிட்டது.

அந்தப் பௌர்ணமியிலிருந்துதான் நாரைக்குக் குரல் கிடையாது. கூட்டில் ஜோடியைக் கண்டால் கழுத்தைச் சாய்த்து அலகைத் தட்டும். அந்த ஊரை ஜெர்மன்காரர் ஒரு விதமாகவும் இங்கிலீஷ்காரர் ஒரு விதமாகவும் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாரை மட்டும் இரண்டையும் சொல்வதில்லை, நேரே வீட்டுக்குப் போய்விடுகிறது.