சேந்தன் பூக்கட்டிப் பார்த்தது

ஆற்றங்கரை மடமொன்றில் சேந்தன் என்னும் சீடன் இருந்தான். மறுநாள் அவன் காவி பெறுவதாக இருந்தது. பெற்றுவிட்டால் பிறகு வீடு இல்லை. அன்று காலை அவனுடைய தாய் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

“நாளை முதல் உன்னை நானே ‘சாமி’ என்று கூப்பிட வேண்டுமாம். அதற்குமுன் வண்டியில் ஏறடா!”

சேந்தன் குருவிடம் ஓடினான். “ஐயா, போவதா, இருப்பதா?”

“உனக்கு எது வேண்டும்?”

“காவிதான் வேண்டும். ஆனாலும் ஈசன் சொல்லட்டும். பூக்கட்டிப் பார்த்துவிடுவோம்.”

வெள்ளை நந்தியாவட்டை வந்தால் மடம். செவ்வரளி வந்தால் வீடு. செம்பருத்தி என்று இக்கதையைச் சொல்வாரும் உளர். அரளி என்பதே பெருவழக்கு. இரண்டையும் தனித்தனியே வாழையிலையில் பொதிந்து, நாரால் கட்டிச் சந்நிதியில் வைத்தான். எது எதில் என்பது அவன் ஒருவனுக்கே தெரியும். எடுக்க வேண்டியவர் குரு.

எடுத்தார். அரளி.

“முடிச்சு சரியாக விழவில்லை, ஐயா. இன்னொரு முறை.”

மீண்டும் கட்டினான், இடம் மாற்றி வைத்தான். அரளி.

“குளிப்பதற்குமுன் பறித்த பூ. அதனால்தான்...”

“ஈசனுக்குக் காது மந்தம் என்று நினைத்தாயா? ஒரே கேள்வியை எத்தனை முறைதான் கேட்பாய்? வாசலில் மாடுகூடப் பொறுக்காமல் கத்துகிறது.”

“கடைசியாக ஒருமுறை.”

குரு பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். அரளி.

சேந்தன் பூவைத் தரையில் வீசினான். “என்னை விரட்டுவதில் ஈசனுக்கு என்ன இவ்வளவு பிடிவாதம்?”

“கட்டு” என்றார் குரு. “கட்டி வைத்துவிட்டு வெளியே போய் நில்.”

வீசிய பூவை எடுத்து அவன் அவ்வாறே செய்தான். வெகுநேரம் ஆயிற்று. குரு வெறுங்கையோடு வெளியே வந்தார்.

“எடுக்கவில்லையா, ஐயா?”

“எதை எடுப்பது? இரண்டும் ஒன்றுபோலத்தான் கிடக்கின்றன.”

“இதுவரை எடுத்தீர்களே!”

“முதல் முறை எப்படி எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. பிறகுதான் கவனித்தேன். என் கை ஒன்றின்மேல் போனால் உன் மூச்சு நின்றுவிடுகிறது. மற்றதன்மேல் போனால் திரும்ப வருகிறது. மூச்சு வந்த பக்கம் எடுத்தேன்.”



“அப்படியானால், ஈசன் வாயே திறக்கவில்லையா?”

“கேட்டவனே விடையும் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் எப்போதடா வாயைத் திறப்பது? போ, அம்மா வெயிலில் நிற்கிறாள்.”