சுறா வாத்தியார்

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் ஓர் ஓட்டு வீடு. வெளிதேசம் போய்ப் பள்ளிக்கூடத்தில் ஊழியம் செய்ய விரும்புகிறவர்களை அங்கே வைத்துத் தயார் செய்வார்கள். வருஷத்துக்கு நாலைந்து பேர் வந்தால் அதிகம்.

தயார் செய்கிறவர் பியூலா டீச்சர். தான்சானியாவில் பதினான்கு வருஷம் பாடம் சொல்லிவிட்டு வந்தவர். வயது நாற்பத்தொன்று. 'இவர் போகலாம்' என்று அவர் கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் மிஷன் ஆபீஸில் டிக்கெட் எடுப்பார்கள்.

சற்குணம் சார் அங்கே வந்து சேர்ந்தது ஆகஸ்டில். கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றவர். டீச்சரைவிடப் பதினேழு வயது மூத்தவர். ஆனாலும் வந்த அன்றைக்கே, "இங்க நீங்கதான் குரு, நான் சிஷ்யன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அதில் நடிப்பு ஒன்றுமில்லை. பத்தொன்பது வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் கையைத் தூக்கி, ஆப்பிரிக்காவுக்குப் போகிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னவர் அவர். பிறகு இரண்டு தங்கச்சிகளின் கல்யாணம், அப்பாவின் பக்கவாதம், பள்ளிக்கூடம், மனைவியின் நோய் என்று முப்பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்குத் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை என்று அவரே சொல்வார்.

அவரிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. தான்சானியாவில் பேசுகிற சுவாஹிலி மொழி வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, கோடு போட்டு, நாலு நோட்டு நிரப்பியிருந்தார். மற்றவர்கள் பாயைச் சுருட்டுவதற்குள் அவர் குளித்து முடித்து இரண்டு பக்கம் மனப்பாடம் செய்திருப்பார்.

உச்சரிப்பில் மட்டும் மகா கண்டிப்பு. 'வாழைப்பழம்' என்று ஒழுங்காகச் சொல்லாத பிள்ளைக்கு அவருடைய பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு நின்றுகொண்டேதான் பாடம். கணக்கு வாத்தியாருக்கு ழகரத்தில் என்ன ஜோலி என்று கேட்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவர்கள் அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பவே மாட்டார்கள்.

சுவாஹிலியிலும் அதே கறார்தான். ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. இடத்துக்குத் தக்கபடி குரலை மாற்றிக்கொள்வது எழுத்துக்கு அழகில்லை என்பது அவர் கட்சி.

தினமும் காலையில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை அந்த மொழியில் அவர்தான் சொல்வார். குரல் கணீரென்று இருக்கும். டீச்சர் கண்ணை மூடிக் கேட்பார். சில நாள் அவருடைய உதடு லேசாகத் துடிக்கும். பக்தி என்று சற்குணம் சார் நினைத்துக்கொண்டார்.

அவரோடு வந்து சேர்ந்த ஒரு டிராயிங் மாஸ்டர், இருபது வார்த்தை தெரிந்தால் அதிகம், ஆறே வாரத்தில் கடிதத்தோடு கிளம்பிப் போய்விட்டார். சற்குணம் சாருக்கு மனசு கேட்கவில்லை.

"டீச்சர், என் கடிதம்?"

"பாப்போம் சார்."

அக்டோபரில் மறுபடியும் போய் நின்றார்.

"நான் எங்க கொறைச்சலா இருக்கேன்னு சொல்லுங்க டீச்சர். திருத்திக்கிடுதேன்."

"ஒரு கொறையும் இல்ல சார். அதான் யோசிக்கேன்."

இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? அவர் அறைக்குப் போய் ஐந்தாவது நோட்டுக்குக் கோடு போட ஆரம்பித்தார்.

நவம்பரில் மிஷன் ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. அங்கே பள்ளிக்கூடம் ஜனவரியில் திறக்கிறது. டீச்சரின் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. அறுபது தாண்டியவர்களை அனுப்புவதில்லை. சற்குணம் சாருக்கு ஐம்பத்தெட்டு நடக்கிறது. அடுத்த இடம் எப்போது வருமோ, யார் கண்டது?

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் டீச்சரின் மேஜை முன்னால் வந்து நின்றார். வெளியே மழை பிடித்திருந்தது.

"இன்னைக்கு வியாழன், டீச்சர்."

"தெரியும் சார். உக்காருங்க."

"கடிதம் உண்டா, இல்லையா? இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. நான் தாங்கிக்கிடுவேன்."

தாங்கிக்கொள்கிறவர் முகமாக அது இல்லை. டீச்சர் செல்போனை எடுத்து, ஒரு நம்பரைத் தட்டி, மேஜைமேல் இருந்த டம்ளரில் சாய்த்து நிறுத்தினார்.

"நீங்க போகவேண்டிய பள்ளிக்கூடம். இப்ப அங்க மூணாங்கிளாஸ் நடக்கு. பேசுங்க."

"என்ன பேச?"

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

திரையில் நீலச் சட்டை போட்ட நாற்பது பிள்ளைகள். சற்குணம் சார் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். எழுந்து நின்றார். அவருக்கு நல்லாத் தெரிந்தது எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கண்ணை மூடி, 'எங்கள் பிதாவே' என்று சுவாஹிலியில் கணீரென்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான், வகுப்பே வெடித்தது. பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவன் பக்கத்திலிருந்தவன் மேல் சாய்ந்து, இருவருமாகத் தரையில் விழுந்தார்கள். முன் பெஞ்சில் இருந்த ஒரு சிறுமி தலைக்குமேல் கையைக் குவித்து வைத்துக்கொண்டு மேஜைக்கும் பலகைக்கும் நடுவே ஓடினாள்.

சற்குணம் சாருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் வகுப்பில் ஒரு பிள்ளை சிரித்ததில்லை. அதை அவர் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

"சைலன்ஸ்!"

அந்தச் சத்தம் கடல் தாண்டியும் வேலை செய்தது. நாற்பது பேரும் அப்படியே நின்றார்கள். விழுந்தவர்கள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டார்கள். ஓடிய சிறுமி தலைமேலிருந்த கையை மெல்லக் கீழே இறக்கினாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சற்குணம் சாருக்கு இதற்காகவா முப்பத்தொன்பது வருஷம் காத்திருந்தோம் என்று இருந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், நான் என்ன சொல்லிட்டேன்?"

"பிதாவுக்கு அங்க பாபா, சார். ரெண்டு ப-வும் 'பஸ்'ல வார ப."

"நான் எந்த ப சொன்னேன்?"

"'பல்லு'ல வார ப. ரெண்டு தடவையும், நல்லா அழுத்தி."

"அப்படிச் சொன்னா?"

"சுறா."

"என்ன?"

"சுறா மீன், சார். எங்கள் சுறாவேன்னு சொன்னீங்க."

சற்குணம் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திரையில் அந்தச் சிறுமியைப் பார்த்தார். தலைக்குமேல் அவள் கையைக் குவித்து வைத்திருந்தது சுறாவின் துடுப்பு என்று இப்போதுதான் விளங்கியது. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். தினமும் காலையில், கண்ணை மூடி, உருகி உருகி.

முதலில் அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று டீச்சரே பயந்து பாதி எழுந்துவிட்டார். அழுகை இல்லை. சிரிப்பு. முப்பத்தொரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கதவாயிற்றே, திறக்கும்போது கிறீச்சென்றுதான் திறந்தது. "சுறாவா! ஏ ஆண்டவரே, சுறாவா!" என்று மேஜையைத் தட்டினார். கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. பிறகு தன் இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்து, அந்தச் சிறுமியைப் பார்த்து ஆட்டினார்.

வகுப்பு மறுபடியும் வெடித்தது. மழைச் சத்தமே கேட்கவில்லை.

சிறுமியின் பேர் ரெஹெமா. அவள் செல்போனுக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தாள். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "பாபா" என்றாள். தொண்டை அதிர வேண்டும் என்று சைகை காட்டினாள்.

சற்குணம் சார் தன் தொண்டையில் விரல் வைத்தார். சொன்னார்.

"டெனா" என்றாள் அவள்.

"இன்னொரு தடவங்கா" என்றார் டீச்சர்.

"அது புரியுது டீச்சர். அதைத்தான நானும் காலம்பூரா சொன்னேன்."

இரண்டாம் தடவை அரைச் சுறா. மூன்றாம் தடவை ரெஹெமா உதட்டைப் பிதுக்கினாள். நான்காம் தடவை விரலுக்கடியில் ஏதோ அதிர்ந்தது. ரெஹெமா திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினாள். நாற்பது பேரும் கைதட்டினார்கள். தலைமையாசிரியராக எத்தனையோ மாலை வாங்கியவர்தான். இந்தக் கைதட்டலுக்கு அவர் கழுத்து வரை சிவந்துபோனார்.

அழைப்பு முடியும்போது பிள்ளைகள் ஒரே குரலில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கேக்காங்க?"

"சுறா வாத்தியார் எப்ப வாராருன்னு கேக்காங்க."

டீச்சர் இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தார். நாலே வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் பக்கம் தள்ளினார். சற்குணம் சார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசிக்கப் பார்த்தார், கண்ணாடி இல்லை. மடியிலிருந்து எடுத்து மாட்டியும் எழுத்து கலங்கலாகத்தான் தெரிந்தது.

சற்று நேரம் கழித்து அவருக்கு வாத்தியார் புத்தி திரும்பியது.

"டீச்சர், இதே மாதிரி பிழை வேற ஏதும் என்கிட்ட இருக்கா?"

"இருக்கு சார்."

"நெறையவா?"

"ஒரு வருஷத்துக்குத் தாராளமாக் காணும்."

அவர் அவசரமாக ஐந்தாவது நோட்டைத் திறந்தார். பேனா மூடியைப் பல்லில் கடித்துக் கழற்றினார்.

"ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

பியூலா டீச்சர் நோட்டை மெல்ல மூடினார்.

"அதெல்லாம் அங்க உள்ள பிள்ளைங்களுக்கு உள்ளது, சார். நான் எப்படி எடுக்க?"