பிறந்தநாள் எரு

மலையடிவாரத்துக் குளிர்நாடு ஒன்றை முன்னொரு காலத்தில் மகுடவளவன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கோதுமை அல்வா என்றால் அவனுக்கு உயிர். தன் பிறந்தநாள் என்றால் அதற்கும் மேல்.

ஒரு வருஷம், கோதுமை முளைத்திருந்த நேரம். அரண்மனைப் புலவர் சிங்காரவேளர் சபையில் எழுந்தார்.

"பிரபு, நாட்டு வயல்களுக்கெல்லாம் தங்கள் பிறந்தநாளன்று மேளதாளத்தோடு எரு போடலாம். அதுவரை ஒரு கூடைகூட விழக்கூடாது. களையும் எடுக்கக்கூடாது. பச்சைப்பசேலென்று இருந்தால்தான் ஊர்வலத்துக்கு அழகு."

ராஜா பூரித்துப் போனான். மந்திரி வேம்படியார் விரல் மடக்கி நாள் கணக்குப் போட்டார். பிறந்தநாள் வருவதற்குள் கதிரே தள்ளிவிடும். விளைச்சல் குறைந்தால், அரண்மனைப் பங்குக்காகக் குடியானவர்களின் விதைக் கோதுமையையும் அள்ளிக்கொண்டு போவார்கள்.

"பயிர் பக்கத்தில் கிளை விட்டுத் தூர் கட்டும்போதே களை எடுத்து, எருப் போட்டு, தண்ணீர் விட வேண்டும் பிரபு" என்றார்.

"மந்திரியாருக்குத் தங்கள் பிறந்தநாள் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்றார் புலவர். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

ராஜாவின் முகம் சிவந்தது. "நீர் சொல்வதுதான் சரி என்று நாளைக்குள் நிரூபித்துக் காட்டும். இல்லையென்றால் முத்திரை மோதிரத்தைக் கழற்றிப் புலவரிடம் கொடுத்துவிடும்."

"அப்படியானால் நாளை மதியம் அடியேன் வீட்டில் விருந்து" என்றார் வேம்படியார்.

காலை ஆகாரத்தைத் தள்ளிவிட்டு, நல்ல பசியோடு வந்தான் ராஜா. பந்தியில் முன்பின் தெரியாத ஆட்கள் அவனை இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இலையில் எது விழுந்தாலும் அவர்கள் கைதான் முந்தியது. வேறு வழியில்லாமல் ராஜா தண்ணீரைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு எழுந்தான். கை கழுவி முடித்ததும், அண்டா நிறைய அல்வா வந்தது. மந்திரியே அதை எடுத்து நீட்டினார்.

"யாரய்யா இவர்கள்?"

"தெரியாது பிரபு, தானாக வந்தவர்கள். பந்தி நிறைந்திருந்தால்தானே அழகு."

"பசித்தபோது போடாமல், கை கழுவிய பிறகு அல்வாவா?"

"வயலிலும் அதைத்தான் செய்யச் சொல்கிறோம் பிரபு."

ராஜா அண்டாவையும் அந்த ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். மோதிரம் மந்திரியிடமே இருக்கட்டும் என்றான். மேலே ஒரு முத்துமாலையும் போட்டான். எருவோடு வண்டிகள் அன்றே புறப்பட்டன. புலவரைக் களையெடுக்க அனுப்பினான்.

கோதுமையைப் போலவே இருக்கும் காட்டுப்புல்லை விட்டுவிட்டு, புலவர் கோதுமையையே பிடுங்கிப் போட்டார். வயல்காரி பேச்சியாயி பார்த்தாள். "ஐயா, நீங்க வரப்புல உக்காந்து பாடுங்க. பயிராவது பிழைக்கட்டும்."

அந்த வருஷம் விளைந்த கோதுமையைக் கொட்டக் களத்தில் இடம் போதவில்லை. ஆனாலும் மேளதாளம் இல்லாமல் எருப் போட்டது ராஜாவுக்கு மனக்குறைதான். மறுவருஷம் தண்டோரா போட்டான்: இனிமேல் ராஜாவின் பிறந்தநாள் கோதுமை தூர் கட்டும் பருவத்தில் வரும். சோதிடர்கள் ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்து, எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்றார்கள்.

ராஜமாதா மட்டும், "பெற்றவள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாளாம்.