அம்பலவாணரின் நீலம்

ஓர் ஆற்றுக்கு அக்கரையில், மலையடிவாரத்தில், ஓர் ஆசிரமம் இருந்தது. அங்கே பதினான்கு சீடர்கள். ஆளுக்கு ஒரு துண்டு.

பௌர்ணமியன்று உச்சிவெயிலில் அவரவர் துண்டை முற்றத்தில் விரித்து, தமக்குச் சொந்தமான எல்லாவற்றையும் அதன்மேல் எடுத்து வைக்க வேண்டும். துண்டுக்கு வெளியே மீறும் பொருள் பொது அறைக்குப் போய்விடும். இதற்குத் துண்டு விரிப்பு என்று பெயர்.

இந்த விதியை யார், எதற்காக வகுத்தார் என்று யாரும் கேட்டதில்லை. பழைய விதிகளுக்கு அந்த மரியாதை எப்போதும் உண்டு.

துண்டில் எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதோ அவ்வளவு பெருமை என்பது விதியில் இல்லை. அது தானாக வந்து சேர்ந்துகொண்டது.

அந்தப் பதினான்கு பேரில் அம்பலவாணர் ஒருவர். வயது அறுபத்தொன்று. முன்னாளில் உப்பு வியாபாரி.

நாற்பத்தொன்பதாவது வயதில் உப்பு மூட்டைகளோடு இந்த மலையைச் சுற்றிக்கொண்டு போனார். வண்டி ஒரு வளைவில் திரும்பியது. மலை முழுக்கக் குறிஞ்சி பூத்திருந்தது. அடுத்த வளைவில் மலை மறைந்துவிட்டது. அவ்வளவுதான் பார்த்தார். அதை ஒரு நாள் வரைந்தே தீருவது என்று முடிவு செய்தார்.

குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும். அவருக்கு அவசரமில்லை. தூரிகை பிடிக்கக் கற்றார். மண்ணிலும் இலையிலும் அரக்கிலும் நிறம் எடுக்கக் கற்றார். நீலத்துக்கு மட்டும் இரண்டு ஆண்டு ஆனது. அவுரி இலையை ஊறவைத்து, அழுகவைத்து, கலக்கி, வடித்து, காயவைத்து, கடைசியில் ஒரு கைப்பிடி அளவு கட்டி தேறியது. பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு, மலைக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்று இங்கே வந்து சேர்ந்தார். வந்து மூன்று ஆண்டாகிறது. இது பூக்க வேண்டிய ஆண்டு.

அவருடைய முதல் துண்டு விரிப்பில் பதினோரு நிறக் கிண்ணங்கள், ஒன்பது தூரிகைகள், நான்கு பலகைகள். துண்டு போதவில்லை.

"என்ன ஐயா, சந்தை போட்டிருக்கீங்க?" என்றார் சடையாண்டி. இவர் பழைய மல்யுத்தக்காரர். எதிலும் தோற்பது பிடிக்காது. துறவிலும் அப்படித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்பலவாணருக்கு அந்தச் சிரிப்பு முள்ளாய்த் தைத்தது.

அதன்பின் மாதத்துக்கு ஒன்றாகப் பொருள்கள் யார் யாருக்கோ போயின. ஓர் ஆண்டு தொடாத பொருள் தேவையில்லாத பொருள் என்று அவரே ஒரு விதியும் செய்துகொண்டார். மஞ்சள் போனது. பச்சை போனது. தூரிகைகள் போயின. வரைவதற்கு நேரமும் இருக்கவில்லை. எதை அடுத்து விடலாம் என்று யோசிக்கவே பொழுது சரியாக இருந்தது. நீலம் மட்டும் இருந்தது. அது குறிஞ்சிக்கானது.

இந்த ஆண்டு ஆடி பிறந்ததும் மலையில் மூடுபனி இறங்கியது. இறங்கியது ஏறவே இல்லை. ஆவணிப் பௌர்ணமியன்று முற்றத்தில் வெயில் அடித்தது. மலை மட்டும் தெரியவில்லை.

சடையாண்டி துண்டை விரித்தார். ஒரு கோவணம், ஒரு திருவோடு. கூட்டம் "ஓ" என்றது.

அடுத்து அம்பலவாணர். ஒரு வேட்டி, ஒரு கிண்ணம், ஒரு தூரிகை, ஒரு பலகை, நீலக்கட்டி.

"அந்தக் கட்டி எதுக்கு?" என்றார் சடையாண்டி.

"குறிஞ்சிக்கு."

"பூக்கவே காணோமே! காலமும் முடியப்போகுது. மூணு வருஷமா சுமக்கிறீங்க. மூட்டை தூக்கின பழக்கம் லேசுல போகாது போல."

மறுபடியும் சிரிப்பு.

அம்பலவாணர் கட்டியைக் கையில் எடுத்தார். சமையல்கட்டு முத்தாள் வாசலில் நின்றிருந்தாள். "இந்தாம்மா. எதுக்காவது வெச்சுக்கோ."

ஆசிரமத்தின் குரு தேனம்மை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு வயது. அம்பலவாணரின் மூத்த மகளைவிட ஒரு வயது இளையவர்.

"நெஜமாவா, ஐயா?" என்று கேட்டார்.

"மூணு வருஷமா தொடலை, அம்மா. தொடாதது தேவையில்லாததுதானே?"

கூட்டம் இந்த முறை "ஓ" என்பதை நீட்டிச் சொன்னது. சடையாண்டியின் முகம் சுருங்கியதை அம்பலவாணர் பார்த்தார். அன்று கஞ்சி ஒரு கரண்டி அதிகமாக இறங்கியது.

ஒன்பதாம் நாள் காலை, பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தவரின் வாயிலிருந்து வேப்பங்குச்சி விழுந்தது.

மூடுபனி இல்லை. மலை இருந்தது. அடி முதல் நுனி வரை நீலமாக இருந்தது. பாறை எங்கே, புதர் எங்கே என்று தெரியாதபடி, யாரோ ஒரே மூச்சில் போர்வையை உதறிப் போர்த்திவிட்டதுபோல.

அவர் சமையல்கட்டுக்கு ஓடினார். அறுபத்தொரு வயதில் ஓடக்கூடிய ஓட்டம் அது இல்லை.

"முத்தாள்! என் நீலம் எங்க?"

"எந்த நீலம்?"

"அன்னைக்குக் குடுத்தேனே, கட்டி!"

"அதுவா?" முத்தாளின் முகம் மலர்ந்தது. "அருமையான சரக்கு ஐயா. கரைச்சு எல்லாத் துண்டுக்கும் நீலம் போட்டேன். பாருங்க, என்ன வெளுப்பு!"

கொடியில் பதினான்கு துண்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. கண் கூசும் வெள்ளை.

அம்பலவாணர் ஒரு துண்டை உருவிப் பிழிந்தார். காய்ந்த துண்டு. இன்னொன்றை உருவினார். அதையும் பிழிந்தார்.

"என்ன ஐயா செய்யுறீங்க?" என்றாள் முத்தாள் பயந்துபோய்.

"எல்லாத்தையுமா கரைச்சே? ஒரு துணுக்குகூட இல்லையா?"

"பதினாலு துண்டாச்சே."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் போனா கிடைக்குமே. பரிசல்?"

"வெள்ளம் வடியணும். ஒரு மாசம் ஆகும்." அவள் மலையைப் பார்த்தாள். "இது அவ்வளவு நாள் நிக்காதுங்க. மூடுபனிக்குள்ளேயே பூத்தாச்சுன்னு தேன் எடுக்கிறவங்க சொன்னாங்க. இன்னும் பத்து நாள் இருந்தா அதிகம்."

அவர் குருவின் குடிசைக்கு ஓடினார். அதற்குள் இதுவரை யாரும் போனதில்லை. உள்ளே ஒன்றுமே இருக்காது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். வெறும் தரையும் வெளிச்சமும் என்று சடையாண்டி ஒருமுறை கண்மூடிச் சொல்லியிருந்தார்.

அம்பலவாணர் கதவைத் தள்ளினார். அப்படியே நின்றுவிட்டார்.

ஒரு பாய், ஒரு பானை, இரண்டு சேலை. மற்ற இடமெல்லாம் ஊதல்கள். சுட்ட மண்ணில் செய்த ஊதல்கள். சுவரில், பரணில், தரையில், கூடைகளில், நூற்றுக்கணக்கில். நடுவே தேனம்மை முழங்கை வரை களிமண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அம்மா இது?"

"ஓடைக்கரையில காலையில ஒரு குருவி சீட்டியடிக்குமே, அதோட குரல். பத்தொம்பது வருஷமா முயற்சி பண்ணுறேன்."

"இதுல எது சரியா வந்திருக்கு?"

"எதுவும் வரலை."

"அப்புறம் எதுக்கு இத்தனையையும் வெச்சிருக்கீங்க?"

"எது எங்க பிசகுதுன்னு ஊதிப் பார்க்க வேண்டாமா?"

அம்பலவாணருக்கு மூச்சு வாங்கியது. "இது ஒரு துண்டுல அடங்காதே, அம்மா! நாலு வண்டி வேணும்!"

"ஆமாம். அதனாலதான் நான் விரிக்கிறதில்லை. இந்தக் குடிசை ஒழுகவும் ஒழுகாது."

"ஒழுகுறதுக்கும் துண்டு விரிப்புக்கும் என்ன சம்பந்தம்?"

தேனம்மை கையிலிருந்த களிமண்ணைக் கீழே வைத்தார். "என் குருவோட குரு காலத்துல சீடர்கள் குடிசையெல்லாம் ஒழுகும், ஐயா. எதை எடுத்தாலும் பூஞ்சை. மாசம் ஒரு தடவை எல்லாத்தையும் வெளியே கொண்டுவந்து வெயில்ல காயப்போடச் சொன்னார்."

"துண்டு?"

"மண்ணுல வெச்சா ஈரம் ஏறும்."

"மீறினா பொது அறைக்கு…"

"பொது அறை ஒழுகாது. துண்டுல இடமில்லாதது அங்க பத்திரமா இருக்கும்."

அம்பலவாணர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். மூன்று ஆண்டுகள். மஞ்சள், பச்சை, செம்மண், எட்டுத் தூரிகை.

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"யாரும் கேக்கலையே. சந்தோஷமா வேற போட்டி போட்டுக்கிட்டிருந்தீங்க."

"அன்னைக்காவது என்னைத் தடுத்திருக்கலாமே!"

"நெஜமாவான்னு கேட்டேன். நீங்க எனக்குப் பதில் சொல்லலை, ஐயா. சடையாண்டியைப் பார்த்துச் சொன்னீங்க."

அவர் குழந்தை சொல்வதுபோலச் சொன்னார்:

"எனக்கு அறுபத்தொண்ணு, அம்மா. அடுத்தது பூக்கிறப்ப எழுபத்துமூணு. கை நடுங்கும். கண்ணும் இருக்குமோ என்னமோ."

தேனம்மை எழுந்து கையைக் கழுவினார். "வாங்க" என்றார்.

இருவரும் ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள். கால் மணி நேரத்தில் நீலத்துக்குள் நின்றார்கள். இடுப்பளவு புதர்கள். பூவுக்குப் பூ தேனீ. அருகில் பார்த்தால் வெறும் நீலம் இல்லை. ஓரத்தில் வெளுப்பு, உள்ளே ஊதா, நரம்பில் கொஞ்சம் சிவப்பு. வண்டியிலிருந்து பார்த்தபோது இது ஒன்றும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் ஒரு பூவைத் தொட்டார். விரலில் ஒட்டாமல் அது உதிர்ந்தது.

"தப்பா என்ன நினைச்சுட்டேன், அம்மா?" என்றார். "எளிமையா வாழணும்னு நினைச்சேன். தொடாத ஒண்ணை வருஷக்கணக்கா வெச்சுக்கிட்டிருக்கிறது பேராசைன்னு நினைச்சேன். அதானே?"

தேனம்மை ஒரு கிளையை அவர் பக்கம் வளைத்துக் காட்டினார்.

"இதுக்குக் காலடி மண்ணைத் தவிர வேற சொத்து கிடையாது. இந்த நீலத்தைப் பதினோரு வருஷம் தொடாம வெச்சிருந்துச்சு, ஐயா. யாருக்காவது தூக்கிக் குடுத்துச்சா?"