ஒரே மாலை, மூன்று கழுத்து

“கோல் போட்டது எம்புள்ள. ரெண்டும் அவதான். மாலையை மட்டும் கண்டவ கழுத்துல போடுவியோ?”

வடகாசியம்மாள் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள், ஓர் எழுத்துகூட மாற்றாமல். கோவில்பட்டி மைதானத்தின் நடுவே நின்ற மரகதம் ரோஜா மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். புளியமரத்தெரு பெண்கள் ஹாக்கி அணிக்கு அவள்தான் கேப்டன். கோப்பையை ஜெயித்த வியர்வைகூடக் காயவில்லை, அதற்குள் கல்யாண வீட்டுச் சண்டை.

சண்டைக்குக் காரணம் அந்த மாலைதான். இறுதி ஆட்டத்தில் ஜெயித்த அணிக்கு ஊர் ஒரே ஒரு மாலை வாங்கித் தரும். அதை யார் கழுத்தில் போடுவது என்பது கேப்டன் பாடு. போட்ட பிறகு பேச்சே கிடையாது. மாலை விழுந்தவளைத்தான் மாவட்டத் தேர்வாளர் பயிற்சி முகாமுக்கு அழைப்பார். முகாமுக்குப் போனவள் மாநில அணி வரைக்கும் போகலாம். போகாதவள் இங்கேயே கிடந்து கரிசல் புழுதி தின்னலாம்.

தேர்வாளர் காலையிலேயே எல்லாப் பெண்களையும் நிற்க வைத்து ஒன்று சொல்லியிருந்தார். “கார்டு வாங்குற முரட்டுப் பிள்ளைங்க எனக்கு வேண்டாம்மா. ஒழுக்கம்தான் முதல்ல.” எல்லாரும் தலையாட்டினார்கள். நம் அணியின் பேச்சித்தாயும் ஆட்டினாள்.

இனி ஆட்டத்தைக் கேளுங்கள். வடகாசியம்மாளின் மகள் நிரோஷா முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டாள். வெளியூர் அணியும் ஒன்று போட்டுச் சமன் செய்தது. அதன்பிறகு அந்த அணியின் நெட்டைத் தடுப்பாட்டக்காரி ஒருத்திக்குப் பந்து மறந்துபோய், நிரோஷாவின் கணுக்கால் மட்டும் ஞாபகத்தில் நின்றது. நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், பின்னாலிருந்து மட்டையால் ஒரு வெட்டு. மரகதம் போய் முறையிட்டாள். “பார்க்காததுக்கு நான் எப்படிம்மா விசில் ஊதுறது?” என்றார் அவர். அதுவும் நியாயம்தான். கொஞ்ச நேரத்தில் நிரோஷா பந்து வந்தாலே ஒதுங்க ஆரம்பித்தாள். கோல் போடுகிறவளே பந்துக்குப் பயந்தால் அணி என்று மிஞ்சுவது உடுப்பு மட்டும்தான்.

பின்வரிசையில் நிற்கும் பேச்சித்தாய் வாசல் கதவு மாதிரி ஆள். அவள் கோல் போட்டு யாரும் பார்த்ததில்லை. மரகதம் கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றாள். பேச்சித்தாய் மேடையிலிருந்த தேர்வாளரை ஒரு தடவை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நெட்டையிடம் போனாள்.

“ஏட்டி, இன்னொரு தடவை அவ காலைத் தொட்டுப் பாரு.”

நெட்டை சிரித்தாள், தொட்டும் பார்த்தாள். அடுத்த பந்துக்கு இருவரும் ஓடியபோது பேச்சித்தாயின் தோள் முதலில் போய்ச் சேர்ந்தது. நெட்டை மல்லாந்து விழுந்தாள். பெரிய காயமில்லை, சிரிப்புதான் போயிருந்தது.

மஞ்சள் கார்டு. பேச்சித்தாய் ஐந்து நிமிடம் வெளியே நாற்காலியில் உட்கார வேண்டும். அதுவரை அணி பத்துப் பேரோடு திண்டாட வேண்டும். மரகதம் களைத்துப்போன ஒருத்தியை வெளியே அனுப்பிவிட்டு, பெஞ்சிலிருந்த ஜான்சிராணியை உள்ளே அழைத்தாள். போட்டி முழுக்கத் தண்ணீர் பாட்டில் சுமந்தவள் ஜான்சிராணி. ஆனாலும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முழங்கால் காப்பைக் கட்டிக்கொண்டுதான் பெஞ்சில் உட்காருவாள். “கூப்பிடப் போறதே இல்ல, எதுக்குடி இந்த வேஷம்?” என்று நிரோஷாவே கேலி செய்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து எதிரணிக்குப் பெனால்டி கார்னர். கோலை நோக்கி அடிக்கப்போகும் பந்துக்கு நேர் எதிரே ஒருத்தி பாய்ந்து ஓட வேண்டும். எப்போதும் ஓடுகிற பேச்சித்தாயோ நாற்காலியில்.

“நான் ஓடுறேன்க்கா,” என்றாள் ஜான்சிராணி. ஓடினாள். பந்து மட்டைக்குத் தப்பித் தொடையில் இடித்த சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டது. ஆபத்தான அடி என்று நடுவர் பந்தை நம் பக்கமே கொடுத்தார்.

பேச்சித்தாய் உள்ளே வந்தாள். நெட்டை அதன்பிறகு நிரோஷாவை விட்டு ஒரு கட்டில் தூரம் தள்ளியே நின்றாள். நிரோஷா பழையபடி பாய்ந்தாள், இரண்டாவது கோலையும் போட்டாள். கோப்பை நம்முடையது.

“ரெண்டு கோலும் நான்தான்,” என்றாள் இப்போது நிரோஷா.

“போட உனக்குக் கால் மிஞ்சுச்சே, அது யாரால?” என்றாள் பேச்சித்தாய்.

“ஆமா, பெரிய வீராதிவீரி! நீ நாற்காலில காத்து வாங்குன நேரத்துல அந்தப் பந்து உள்ள போயிருந்தா? என் தொடையைப் பாரு, கத்திரிக்கா நிறத்துல இருக்கு,” என்றாள் ஜான்சிராணி.

“தொடைக்கு எண்ணெய் தடவு. மாலை எதுக்கு?” என்றாள் வடகாசியம்மாள்.

அணியின் செயலாளர் மெல்ல மரகதத்தின் காதருகே வந்தார். “பேச்சித்தாய்க்கு மட்டும் போட்டுராதம்மா. கார்டு வாங்கினவ. முகாமுல நமக்கு இருக்குற ஒரே இடமும் வீணாப் போயிரும்.”

கதை இங்கே நிற்கட்டும். மூவரில் ஒருத்தி குறைந்திருந்தாலும் கோப்பை இல்லை. அப்படியானால் மாலை யார் கழுத்துக்கு நியாயம்? பதிலை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடுத்த பத்தியைப் படியுங்கள். படித்துவிட்டு ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று சாதிக்க வேண்டாம்.

விடை: பேச்சித்தாய்க்கு. கோல் போட்டால் பேர் கிடைக்கும் என்று தெரிந்து போட்டவள் நிரோஷா, அதில் தப்பில்லை. தொடையைக் கொடுத்த ஜான்சிராணிக்கு அந்த ஓட்டத்தில் வலி உண்டு, கூடவே பெஞ்சை விட்டு எழுந்திருக்க ஒரு வழியும் உண்டு. அவளுக்கு வேண்டியது இடம். “அடுத்த ஆட்டத்துலேருந்து முதல் பதினோரு பேர்ல நீ இருக்க,” என்று மரகதம் அதை அங்கேயே கொடுத்தாள். ஆனால் தனக்கு நஷ்டத்தைத் தவிர வேறெதுவும் வராது என்று நன்றாகத் தெரிந்தே இறங்கியவள் பேச்சித்தாய் ஒருத்திதான். தேர்வாளரைப் பார்த்துவிட்டுத்தானே போனாள்? இடித்தது தப்பு, அதற்குத் தண்டனையும் அனுபவித்தாயிற்று. ஒரு தப்புக்கு இரண்டு தண்டனை எந்த ஊர் வழக்கம்? தன் ஆளைக் காப்பாற்றியவளைக் கைவிட்டு வாங்குகிற இடம் அணிக்கு எதற்கு? மரகதம் மாலையைப் போட்டாள். முதல் விசில் அடித்தது நிரோஷா. அப்புறம் மைதானமே எழுந்துவிட்டது. மரகதம் தலை நிமிர்ந்து, பேச்சித்தாயின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனாள்.

“சார், எங்க அணியில இருந்து இவதான்.”

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடையில் மற்றவர்கள் மாலையைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். மரகதம் நகரவில்லை.

“முகாமுக்கு இவ எப்ப வரணும்னு சொல்லுங்க சார்.”